தண்டவாளமும் கிரவுண்டு விலையும்: தாம்பரம் வண்டி முதல் பறக்கும் ரயில் வரை

"ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் மனைகள்!" இந்த ஒரு வரி இல்லாத ரியல் எஸ்டேட் விளம்பரத்தை நம் ஊரில் பார்ப்பது அபூர்வம். யார் நடக்கிற தூரம், எத்தனை மணி நேரம் நடக்கிற தூரம் என்றெல்லாம் விளம்பரத்தில் போடுவதில்லை. போடாவிட்டாலும் நாம் புரிந்துகொள்கிறோம். ஸ்டேஷன் பக்கம் என்றால் விலை கூடுதல், பஸ்ஸை மட்டும் நம்பிய இடம் என்றால் கொஞ்சம் குறைவு, இரண்டும் இல்லை என்றால் "எதிர்காலத்தில் நல்ல முன்னேற்றம் வரும் சார்!"

மலர்க் குழுவினர் ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டபோது, சிவில் படித்தவன் என்ற முறையில் கான்கிரீட்டைப் பற்றி எழுதி உங்களைத் தூங்க வைக்க மனம் வரவில்லை. நம்மில் பாதிப் பேருக்கு மேல் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள். ஆகவே நம் எல்லோருக்கும் சம்பந்தமுள்ள ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்தேன். சென்னைப் புறநகர்களின் வரலாறு ஒரு வகையில் தண்டவாளத்தின் வரலாறுதான். அந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குள் ஒரே ஒரு கேள்விதான் பெரிதாக நின்றது. தண்டவாளம் போடச் செலவழிப்பவர் யார்? அதனால் ஏறுகிற நிலத்தின் விலை யார் பைக்குள் போகிறது?

மின்சார வண்டி வந்த கதை

சென்னைக்கு ரயில் புதிதல்ல. 1856-லேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடிவிட்டது. ஆனால் அது ஊர் விட்டு ஊர் போகிற ரயில். காலையில் ஆபீசுக்குப் போய் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறவனுக்கான ரயில் என்று ஒன்று வந்தது 1931-ல்தான். அந்த ஆண்டு மே மாதத்தில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. மீட்டர் கேஜ் பாதை, 1500 வோல்ட் டி.சி. மின்சாரம், சுமார் 29 கிலோமீட்டர். இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார வண்டி ஓடியது இந்தப் பாதையில்தான். வேறெங்கும் இல்லை.

நீராவி இன்ஜினுக்கும் மின்சார வண்டிக்கும் உள்ள வித்தியாசம் புகை மட்டுமல்ல. நீராவி வண்டி கிளம்பி வேகம் எடுப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். அதனால் ஸ்டேஷன்களைத் தள்ளித் தள்ளித்தான் வைக்க முடியும். கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மறுபக்கம் கொண்டுபோய் மாட்ட வேண்டும். மின்சார வண்டிக்கு இரண்டு முனையிலும் டிரைவர் அறை உண்டு. டிரைவர் இந்தக் கோடியில் இறங்கி அந்தக் கோடியில் ஏறிக்கொண்டால் போதும். சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும். ஆகவே ஒன்று, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் வைக்கலாம், சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி விடலாம். ஒவ்வொரு ஸ்டேஷனைச் சுற்றியும் ஒரு ஊர் முளைக்கலாம். நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை, பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் என்று சரம் மாதிரி ஊர்கள் கோத்துக்கொண்டு வளர்ந்ததற்கு இந்த மோட்டார் ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு காரணம், மிகச் சாதாரணமான ஒரு சிறு அட்டை: சீசன் டிக்கெட். மாதச் சம்பளக்காரன் மாதம் ஒருமுறை பணம் கட்டிவிட்டால் அதற்குமேல் தூரம் ஒரு கணக்கே இல்லை. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்துக்குக் கொடுக்கிற வாடகையையும், தள்ளிப்போய் சொந்த மனையில் இருந்துகொண்டு சீசன் டிக்கெட் வாங்குவதையும் ஒரு குமாஸ்தா மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தால், தள்ளிப் போவதே லாபம் என்று வரும். லட்சக்கணக்கானவர்கள் போட்ட அந்த மனக்கணக்குதான் புறநகர்.

மாம்பலத்தின் இரு பக்கம்

தியாகராய நகர் பிறந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். ஆங்கிலேயர் வரைபடங்களில் 'லாங் டேங்க்' என்று குறிக்கப்பட்ட நீளமான ஏரி ஒன்று நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே வளைந்து கிடந்தது. 1920-களில் அந்த ஏரிப் பகுதியை வடித்து, மாம்பலம் குடியிருப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1920-ல் வந்த சென்னை நகரமைப்புச் சட்டம் அதற்குக் கைகொடுத்தது. நடுவில் பனகல் பூங்கா, அங்கிருந்து பிரிந்து செல்லும் அகலமான சாலைகள், சாலைகளுக்கு உஸ்மான், ஜி.என். செட்டி, டி.எம். நாயர் என்று நீதிக்கட்சிக் காலத்துப் பிரமுகர்களின் பெயர்கள். நகருக்கோ மாநகராட்சித் தலைவராக இருந்து 1925-ல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே திட்டம் போட்டது பொது நிர்வாகம். முதலில் சாலை, பூங்கா, பிறகு மனை என்ற வரிசை. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில், திட்டத்தால் ஒருவருடைய நிலத்தின் மதிப்பு கூடினால் அந்தக் கூடுதலில் ஒரு பங்கை அவரிடமிருந்து மேம்பாட்டுக் கட்டணமாக வசூலிக்கவும் வழி செய்திருந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே நம் ஊர்ச் சட்டத்தில் இப்படி ஒரு யோசனை இருந்தது என்பதை நான் படித்தபோது உண்மையிலேயே ஆச்சரியப்பட்டேன்.

தண்டவாளத்துக்கு மேற்கே கதை வேறு. மேற்கு மாம்பலத்தில் யாரும் முதலில் காம்பஸ் வைத்துச் சாலை போடவில்லை. மனைகள் வந்தன, வீடுகள் வந்தன, மிச்சமிருந்த இடத்தில் சந்துகள் வந்தன. அங்கே இன்றும் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இருக்கிறது. லேக்கும் கிடையாது, வியூவும் கிடையாது! ஒரே ஸ்டேஷன், ஒரே வண்டி, ஒரே காலம். கிழக்கே இறங்கினால் திட்டமிட்ட நகர், மேற்கே இறங்கினால் தானாக வளர்ந்த நகர். ரயில் ஊரை வளர்க்கும், ஆனால் எப்படி வளர வேண்டும் என்று அது சொல்லித் தராது. அதை மனிதர்கள்தான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

தெற்கே போகப் போக ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கதை. குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது குரோம் லெதர் தோல் தொழிற்சாலை. தாம்பரத்துக்கு 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து குடிபெயர்ந்து வந்தது. பழவந்தாங்கல் ஸ்டேஷனை நம்பி நங்கநல்லூர் வளர்ந்தது.

என் தாத்தா 1960-களில் நங்கநல்லூரில் ஒரு கிரவுண்டு வாங்கியவர். கடற்கரை ஸ்டேஷன் பக்கம் வேலை. "அந்த வயக்காட்டுல போய் ஏன் தாத்தா வாங்கினீங்க?" என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "டேய், நான் வயக்காட்டையா வாங்கினேன்? எட்டரை மணி வண்டியை இல்ல வாங்கினேன்!" என்றார். புறநகர் பொருளாதாரம் பற்றி நான் பிற்பாடு படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. அவர் மனைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி மண்ணுக்கு, மறு பகுதி அந்த வண்டிக்கு. ஆனால் வண்டிக்கான அந்தப் பகுதி ரயில்வேக்குப் போகவில்லை. நிலத்தை விற்றவருக்குத்தான் போனது.

ஊரை விற்க ரயில் விட்டவர்கள்

இந்த இடத்தில் ஒரு நிமிடம் கடல் தாண்டிப் போய் வர வேண்டும். நிலத்தை விற்கிறவரே ரயிலும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது.

அங்கே வான் ஸ்வெரிங்கன் என்ற குடும்பப் பெயர் கொண்ட அண்ணன் தம்பி இருவர். 1905 வாக்கில், நகருக்குக் கிழக்கே ஷேக்கர் என்ற மதக் குழுவினர் வாழ்ந்துவிட்டுப் போன நிலத்தை வாங்க ஆரம்பித்தார்கள். இடம் அழகுதான், ஆனால் நகரத்திலிருந்து தூரம். டிராம் கம்பெனியை நம்பினால் ஆகாது என்று தாங்களே லைன் போடத் தீர்மானித்தார்கள். நகரத்துக்குள் நுழைய வழித்தடம் தேவைப்பட்டது. அதற்காக 1916-ல் 'நிக்கல் பிளேட்' என்ற ரயில் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்! 1920-ல் ஷேக்கர் ரேப்பிட் என்ற அந்த லைன் ஓடத் தொடங்கியது. இன்றைய பாஷையில் லைட் ரயில் என்கிறோமே, அதே ஜாதி. சாலை போடும்போதே நடுவில் தண்டவாளத்துக்கு அகலமாக இடம் விட்டிருந்தார்கள். பிற்பாடு யாருடைய வீட்டையும் இடிக்க வேண்டிய தேவை வரவில்லை.

பலன்? 1920-ல் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஷேக்கர் ஹைட்ஸில் 1930-ல் பதினேழாயிரத்துக்கும் மேல் ஜனங்கள். ரயிலில் வருகிற டிக்கெட் காசைவிட மனையில் வருகிற காசுதான் குறி. ரயில் என்பது மனை வியாபாரத்தின் ஒரு செலவுக் கணக்கு.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு விற்பது, யாருக்கு விற்கக்கூடாது என்பதும் அவர்கள் கையில் இருந்தது. கறுப்பர்களும் யூதர்களும் உள்ளே வர முடியாதபடி பத்திரத்திலேயே நிபந்தனைகள் வைத்தார்கள். கடன் மேல் கடன் வாங்கி அடுக்கிய சாம்ராஜ்யம் 1929 சரிவுக்குப் பிறகு கவிழ்ந்தது. தம்பி 1935-லும் அண்ணன் 1936-லும் இறந்துபோனார்கள். 1944-ல் ஷேக்கர் ஹைட்ஸ் நகராட்சி அந்த லைனை வாங்கிக்கொண்டது. 1975-ல் அது வட்டாரப் போக்குவரத்து நிறுவனத்தின் கைக்குப் போனது. முதலாளிகள் போன பின்பும் ரயில் ஓடியது. ஏனென்றால் அந்த ரயிலை நம்பி ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது.

ரயிலும் நிலமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருந்தால் ரயிலுக்குப் பணம் கிடைக்கும். அந்தப் புத்தகம் தனியார் கையில் மட்டும் இருந்தால் ஊருக்குக் கதவு போட்டுவிடுவார்கள். இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்பி வருவோம்.

கால்வாய் மேல் ஒரு ரயில்

பறக்கும் ரயில் என்று நாம் சொல்லும் எம்.ஆர்.டி.எஸ். திட்டத்துக்கு 1980-களில் அனுமதி கிடைத்தது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பார்க் டவுன் வரை தரையில் வந்து, பிறகு தூண்கள் மேலேறிப் போகிற பாதை. 1995 நவம்பரில் சேப்பாக்கம் வரையும், 1997 அக்டோபரில் திருமயிலை வரையும், 2004 ஜனவரியில் திருவான்மியூர் வரையும், 2007 நவம்பர் 19-ல் வேளச்சேரி வரையும் வண்டி வந்தது. மொத்தம் சுமார் 19 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள், அதுவும் முதல் வண்டி ஓடிய நாளிலிருந்து கணக்கிட்டால்!

முதல் கட்டத்தின் செலவு ரயில்வேயுடையது. இரண்டாம் கட்டத்தில் மாநில அரசு மூன்றில் இரண்டு பங்கும் ரயில்வே ஒரு பங்கும் போட்டன. பணம் குறைவு, நிலம் எடுப்பது கஷ்டம் என்ற நெருக்கடியில் திட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழிதான் பக்கிங்ஹாம் கால்வாய். 1806-ல் தோண்ட ஆரம்பித்து, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைத் தாங்கிய கால்வாய். படகுப் போக்குவரத்து நின்றுபோய்ச் சாக்கடையாகிவிட்ட அரசு நிலம். கேட்பாரில்லை. அதன் கரையிலும் அதன் நடுவிலும் தூண்களை நட்டார்கள்.

ஒரு இன்ஜினீயராக அந்த முடிவின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. வீடுகளை இடிக்காமல் ஊருக்கு நடுவில் நேரான வழி கிடைப்பது லேசல்ல. ஆனால் மிச்சம் பிடித்ததற்கு வேறு விலைகள் கொடுத்தோம். முதலாவது, கால்வாயின் அகலம் குறைந்தது. மழைத் தண்ணீர் போகிற வழியில் தூண்களும் ஸ்டேஷன்களும் நின்றன. இரண்டாவது, கால்வாய் என்பது ஊரின் முதுகுப்புறம். கடை, பஸ் ஸ்டாப், ஜனநடமாட்டம் எல்லாம் மெயின் ரோட்டில். ஸ்டேஷனோ வீடுகளின் கொல்லைப்புறத்தில். பஸ்ஸை விட்டு இறங்கி சந்து பொந்தெல்லாம் தாண்டித்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். ஸ்டேஷனின் ஒரு பக்கம் தண்ணீர் என்றால், நடந்து வரக்கூடிய ஜனத்தொகை அப்போதே பாதியாகிவிடுகிறதே!

மூன்றாவது விலையைக் கொடுத்தவர்கள் கால்வாய்க் கரையில் குடிசை போட்டிருந்தவர்கள். பறக்கும் ரயிலுக்காகவும் வேறு திட்டங்களுக்காகவும் கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களில் பலர் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பப்பட்டார்கள். ரயில் வருவதற்காக இடம் பெயர்ந்தவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ரயில் இல்லை. வீட்டு வேலைக்கும் கொத்தனார் வேலைக்கும் அவர்கள் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் பஸ்ஸில்தான் வர வேண்டியிருந்தது.

நான் நம் கல்லூரியில் சேர்ந்தது 2007-ல். முதல் செமஸ்டர் முடிவதற்குள் வேளச்சேரி ஸ்டேஷன் திறந்துவிட்டார்கள். எங்கள் பேட்ச் பையன்கள் அந்த லைனை ஒரு ஆராய்ச்சிக்கூடம் மாதிரி உபயோகித்தோம் என்றால் மிகையாகாது. தரமணி, பெருங்குடி ஸ்டேஷன்களின் அகலத்தையும் உயரத்தையும் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறோம். மாடி மாடியாகக் காலி இடம். "மச்சி, இதுல ஒரு இன்டர்னேஷனல் ஏர்போர்ட்டே கட்டலாம்டா!" என்பான் ஒருத்தன். அந்த இடமெல்லாம் கடைகளுக்கும் ஆபீஸ்களுக்கும் வாடகைக்கு விட்டு ரயிலுக்கு வருமானம் தேடலாம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை. நாங்கள் படித்த நான்கு வருஷமும் அங்கே குடியிருந்தது புறாக்கள்தான். எதிர்பார்த்த பயணிகள் கூட்டமும் வரவில்லை, எதிர்பார்த்த வாடகையும் வரவில்லை.

ஆனால் வெளியே, ஸ்டேஷன் சுவருக்கு அந்தப் பக்கம், நிலத்தின் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

வேளச்சேரி: ஏரி, ஐ.டி., அபார்ட்மெண்ட்

வேளச்சேரி பழைய ஊர். தண்டீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏரியும் வயலும் சூழ்ந்த கிராமமாக அது நெடுங்காலம் இருந்தது. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மேலே உள்ள ஏரிகளில் நிரம்பி வழிகிற தண்ணீர் எல்லாம் வந்து சேருகிற பெரிய தட்டு அது.

வேளச்சேரி வளர்ந்ததற்கு ரயில் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலை ஐ.டி. சாலை ஆனது. நூறடி ரோடு வந்தது. இத்தோடு "பறக்கும் ரயில் வரப்போகுது" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. நிலத்தைப் பொறுத்தவரை ரயில் வர வேண்டும் என்பதில்லை, வரப்போகிறது என்ற பேச்சே போதும். கிரவுண்டு கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சதுர அடிக் கணக்கில் பேச ஆரம்பித்தார்கள். தனி வீடுகள் அபார்ட்மெண்ட் ஆயின. ஏரியின் ஒரு பகுதி குடியிருப்புத் திட்டங்களுக்குப் போனது. மிச்ச ஏரி சுருங்கியது. சதுப்பு நிலத்தின் விளிம்புகளில் மண்ணைக் கொட்டி மேடாக்கி மனை போட்டார்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் வேளச்சேரித் தெருக்களில் படகு விட வேண்டியிருந்தது. என் வகுப்புத் தோழன் ஒருவன் அப்போதுதான் அங்கே தரைத்தளத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறியிருந்தான். இரண்டு நாள் மாடி வீட்டுக்காரர் தயவில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, "வாங்கும்போது ஸ்டேஷன் எவ்ளோ தூரம்னு பத்து தடவை கேட்டேன்டா. தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு ஒரு தடவைகூட கேக்கல" என்றான். அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டிய வரைபடங்கள் எல்லாம் அரசாங்க அலுவலகங்களில்தான் இருந்தன.

2022-ல் பள்ளிக்கரணையின் சுமார் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் அந்தஸ்து, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. மிகவும் நல்ல விஷயம். ஆனால் அதற்குள் பழைய சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடமாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் மாறிவிட்டிருந்தது.

அரை கிலோமீட்டரின் பாடம்

இந்தக் கதையில் என் மனதை மிகவும் தைத்த பகுதி கடைசி ஐந்து கிலோமீட்டர். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை பாதையை நீட்டி, 1931-ன் தாம்பரம் லைனோடு இணைத்துவிட்டால் இரண்டு லைனுக்கும் உயிர் வரும் என்பது பார்த்தவுடன் தெரிகிற விஷயம். 2008-ல் வேலை தொடங்கியது. தூண்கள் எழுந்தன. ஆனால் ஆதம்பாக்கம் அருகே சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் கைக்கு வரவில்லை. இழப்பீடு போதாது என்று நில உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பத்து வருஷத்துக்கும் மேலாக வேலை நின்றது. ஒரு பக்கம் வேளச்சேரி வரை வந்து நின்ற பாலம், மறு பக்கம் பரங்கிமலை நோக்கி முடிந்து நின்ற பாலம், நடுவில் ஆகாயம்.

இதில் உரிமையாளர்களை வில்லன்களாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அக்கம்பக்கத்தில் நிலம் விற்றவர்களுக்குக் கிடைத்த விலை அவர்களுக்குத் தெரியும். தன் வீட்டை மட்டும் குறைந்த விலைக்குக் கொடு என்றால் யார்தான் கொடுப்பார்? இதன் உள்ளர்த்தம் என்னவென்றால், ரயில் வரப்போகிறது என்பதாலும் ஊர் வளர்ந்ததாலும் நிலத்தின் விலை ஏறியது. ஏறிய விலையே ரயிலை நிறுத்தியது. அந்த ஏற்றத்தில் சிறு பங்கை 1995-லிருந்து லைன் நெடுகப் பொதுப் பணத்தில் சேர்த்து வைத்திருந்தால், அரை கிலோமீட்டருக்கு நியாயமான விலை கொடுப்பது ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

1920-ல் இருந்த மேம்பாட்டுக் கட்டணத்தின் தத்துவம் அதுதான். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் வளர்ச்சிக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் குறிப்பாக ஒரு ரயிலால் ஏறிய மதிப்பைக் கணக்கிட்டு அதே ரயிலுக்குத் திருப்புவது என்பதைப் பறக்கும் ரயில் விஷயத்தில் நாம் செய்யவில்லை. ரயில்வே தண்டவாளத்தைப் பார்த்தது, வேறொரு இலாகா நிலத்தைப் பார்த்தது, இன்னொன்று தண்ணீரைப் பார்த்தது. மூன்றையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்க ஆள் இல்லை.

இனி நாம்

இது வெறும் பழங்கதை அல்ல. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், 118.9 கிலோமீட்டர். மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நான்கு திசையிலும் போகிற திட்டம். பறக்கும் ரயிலைப் போல ஆறு மடங்கு நீளம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அருகே மனை விளம்பரப் பலகைகள் தூண்களுக்கு முன்பே முளைத்துவிட்டன. வேளச்சேரியில் நடந்தது அங்கெல்லாம் திரும்ப நடக்குமா, தியாகராய நகரில் நடந்த மாதிரி சாலையும் பூங்காவும் முதலில் வருமா என்பது நம் தலைமுறை இன்ஜினீயர்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

நம் சங்கத்தில் ரயில்வேயில் இருப்பவர்கள் உண்டு, பொதுப்பணித் துறையில் இருப்பவர்கள் உண்டு, பில்டர்களாக நல்ல நிலையில் இருப்பவர்கள் உண்டு, நகரமைப்பு அலுவலகங்களில் கோப்பு பார்ப்பவர்கள் உண்டு. வேலை நாட்களில் இவர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருப்பார்கள். இந்த ரீயூனியனில் மட்டும் ஒரே பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்காருவார்கள். பாயசம் வருவதற்குள் இந்த மூன்று விஷயங்களைப் பேசிப் பாருங்களேன்: புது ஸ்டேஷனைச் சுற்றி ஏறுகிற மதிப்பில் ஒரு பங்கு அந்த ஸ்டேஷனுக்கு எப்படி வரும்? அங்கே தண்ணீர் போகிற வழி எது? அங்கே வேலை செய்யப் போகிற எளியவர்கள் நடந்து வரும் தூரத்தில் குடியிருக்க இடம் உண்டா?

வீடு வாங்கப் போகிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று அவசியம் கேளுங்கள். அதோடு பழைய சர்வே வரைபடத்தில் அந்த இடத்துக்கு என்ன பெயர் என்றும் கேளுங்கள். ஏரி, தாங்கல், ஓடை என்று ஏதாவது வந்தால் ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாருங்கள். ரயில் எங்கும் போய்விடாது.

(கட்டுரையாளர் நம் கல்லூரியின் 2007-2011 சிவில் பிரிவு மாணவர்.)